புகை மட்டும் தெரிஞ்ச தீ: தி.நகர் உஸ்மான் ரோடு 2017, கூட்டத்தப் பத்தின ஒரு நிகழ்வு ஆய்வு

எதுக்கு இத எழுதுறேன்

2017 மே 31 விடியக்காலம் தி.நகர் தெற்கு உஸ்மான் ரோட்டுல பெரிய ஜவுளிக்கடை கட்டடம் ஒண்ணு பத்திக்கிச்சு. ஒரு நாளுக்கு மேல எரிஞ்சுது, மறுநாள் விடியறதுக்குள்ள அதுல ஒரு பகுதி சரிஞ்சு விழுந்துச்சு, மிச்சத்த அரசாங்கமே இடிச்சுது. தீய எப்படி அணைச்சாங்கன்னு நான் எழுத வரல, அது ஃபயர் சர்வீஸ்காரங்க வேலை, அவங்களுக்குத்தான் அது தெரியும். அந்த ரோட்டுல போய்ச் சேர்ற ஒரு சந்துல குடியிருக்கிற நாங்க, பாக்க வந்த கூட்டத்த எப்படி சமாளிச்சோம், எந்த இடத்துல கோட்டை விட்டோம்னு மட்டும் எழுதுறேன். நான் அப்ப எங்க அபார்ட்மென்ட் அசோசியேஷன் செக்ரட்டரி. 24 வீடு, ஒரு வாட்ச்மேன், ஒரு மோட்டார் ரூம், அவ்ளோதான் எங்க கிட்ட இருந்தது. யார் பேரும் போடல, எங்க சந்துக்காரங்க பேரும் போடல.

பின்னணி

தி.நகர் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்த. மாம்பலம் ஸ்டேஷன்ல இறங்கினா ரங்கநாதன் தெரு, அது வந்து முட்டுறது உஸ்மான் ரோடு, ரோட்டு மேல ஃப்ளைஓவர், ரெண்டு பக்கமும் அடுக்கு அடுக்கா ஜவுளிக்கடை நகைக்கடை பாத்திரக்கடை. சாதாரண நாள்லயே நடக்க இடம் இருக்காது. மே மாசக் கடைசி வேற, அக்னி நட்சத்திரம் முடிஞ்சும் வெயில் குறையல, ஸ்கூல் தொறக்கப் போற நேரம், யூனிஃபார்ம் வாங்க பேக் வாங்கன்னு ஊர்லருந்து ஜனம் வந்துக்கிட்டே இருந்துச்சு. 2016 வடகிழக்குப் பருவமழை பொய்ச்சதுனால அந்த வருஷம் சென்னைல குடிக்கவே தண்ணி இல்ல, எங்க தெருவுக்கே மெட்ரோ வாட்டர் லாரி எப்ப வரும்னு குடத்த வரிசையா வச்சுட்டு உக்காந்திருப்போம். அந்த லாரிங்கதான் அப்புறம் தீயணைக்க வந்து நின்னுச்சு.

இந்த ஏரியாவுக்கு தீ புதுசு இல்ல. 2008 செப்டம்பர்ல ரங்கநாதன் தெருவுலயே ஒரு பெரிய கடை எரிஞ்சு உள்ள இருந்த ரெண்டு தொழிலாளிங்க போயிட்டாங்க. அதுக்கப்புறம் 2011 அக்டோபர் 31 அன்னைக்கு விதிமீறல்னு சொல்லி தி.நகர்ல நிறைய கடைக்கு சீல் வச்சாங்க, ரெண்டு மூணு மாசத்துல கோர்ட் மூலமா திரும்பத் தொறந்தாங்க. இதெல்லாம் எங்க கண்ணு முன்னாடி நடந்தது. ஆனா தீன்னு வந்தா எங்க சந்து என்ன செய்யணும்னு ஒரு நாளும் உக்காந்து பேசினதில்ல. கேட் சாவி எங்க, யார் வீட்டுல முடியாதவங்க இருக்காங்க, எத்தன பைக் நிக்குது, எதுவும் எழுதி வைக்கல. இது எங்க முதல் தப்பு.

விடியக்காலம், முதல் ரெண்டு மணி நேரம்

நாலரை அஞ்சு மணி இருக்கும், வாட்ச்மேன் அண்ணன் வந்து கதவத் தட்டினாரு. "சார் கொஞ்சம் வெளிய வாங்க, ஏதோ கருகுற வாடை அடிக்குது"ன்னாரு. நான் எங்க மீட்டர் போர்டுதான் பொகையுதோன்னு கீழ ஓடினேன். சந்து முனைக்குப் போய்ப் பாத்தா அந்தக் கட்டடத்தோட கீழ்ப்பக்கத்துலருந்து புகை ரோட்டுல தவழ்ந்து வருது. தீ ஒண்ணும் தெரியல. அதுதான் இந்த மொத்த விஷயத்துலயும் முக்கியம்னு நான் நினைக்கிறேன், அதனால இங்கயே சொல்லிடுறேன். வெளிப்பக்கம் முழுக்க கண்ணாடியும் ஷீட்டும் அடிச்ச கட்டடம், ஜன்னல்னு சொல்லிக்கிற மாதிரி எதுவும் கிடையாது, அதனால உள்ள என்ன எரியுதுன்னு வெளிய நிக்கிறவங்களுக்குத் தெரியவே இல்ல. மேல கேன்டீன் இருந்த மாடில பத்து பேருக்கு மேல சிக்கிக்கிட்டாங்க, அவங்கள ஃபயர் சர்வீஸ்காரங்க ஸ்கைலிஃப்ட்னு ஆள மேல தூக்கி இறக்குற வண்டிய வச்சு இறக்கினாங்க. உயிரோட இறங்கிட்டாங்கன்னு தெரிஞ்சதும் கூட்டத்துல ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, ஆபத்து முடிஞ்சு போச்சுங்கிற மாதிரி, அப்பலருந்தே ஜனம் தைரியமா நின்னுச்சு.

அந்த ரெண்டு மணி நேரத்துல நாங்க எடுத்த முடிவு மூணு.

ஒண்ணு, எல்லா வீட்டையும் தட்டி எழுப்புறது. கேஸ மூடு, ஜன்னல மூடு, கதவுக்கடில ஈரத் துண்டப் போடு, அப்புறம் கீழ இறங்கு. மூணாவது மாடில ஒரு பாட்டி, மூச்சு வாங்குற வியாதி, ராத்திரி நெபுலைசர் வச்சுத்தான் தூங்குவாங்க. அவங்கள முதல்ல அனுப்பணும்னு முடிவு பண்ணோம். புகைன்னா வெறும் கரி இல்ல. பாலியஸ்டரும் நைலானும் ஃபோமும் பிளாஸ்டிக் ஹேங்கரும் எரியிறப்ப கார்பன் மோனாக்சைடு வருது, நைலான்ல சயனைட் வாயுவே வரும், மூக்குல ஈரத்துணி கட்டினா கரித்தூள் கொஞ்சம் நிக்கும், வாயு நிக்காது. அன்னைக்கு இது எங்களுக்கு முழுசா தெரியாது, ஆனா பாட்டி ரெண்டு வார்த்த பேசறதுக்குள்ள இருமினது பாத்து நல்லவேளையா வாதம் பண்ணாம அனுப்பிட்டோம்.

ரெண்டு, பைக். சந்துல ரெண்டு பக்கமும் வண்டி, பாதி வண்டிக்கு சொந்தக்காரன் யாருன்னே தெரியாது, ஹேண்டில் லாக் போட்டிருக்கு. முனைல தண்ணி லாரி திரும்ப வழி வேணும்னு ஒரு போலீஸ்காரர் வந்து சத்தம் போட்டாரு. அப்ப வேடிக்கை பாத்துக்கிட்டிருந்த பசங்க கிட்ட "தம்பி ஆளுக்கு ஒரு கை குடுங்கப்பா"ன்னு கேட்டேன், இருபது பேர் வந்தாங்க, முன் சக்கரத்த ரெண்டு பேர் பின் சக்கரத்த ரெண்டு பேர்னு தூக்கி கால் மணி நேரத்துல 31 வண்டிய எங்க கார் பார்க்கிங்குள்ள அடுக்கிட்டாங்க. அதுவரைக்கும் அவங்கள விரட்டுறதப் பத்தித்தான் யோசிச்சிட்டிருந்தேன். அன்னைக்கு நாள் பூரா நாங்க செஞ்சதுல உருப்படியான வேலை எதுன்னு கேட்டா இதத்தான் சொல்லுவேன்.

மூணு, மொட்டை மாடி. இத நான் தப்பா முடிவு பண்ணேன். எங்க வீட்டுக்காரங்க மட்டும் மேல போய்ப் பாக்கலாம்னு கதவத் தொறந்து விட்டேன். கொஞ்ச நேரத்துல சொந்தக்காரங்க, சொந்தக்காரங்களோட ஃப்ரெண்ட்ஸ், கேமராவோட ரெண்டு பேர்னு முப்பது நாப்பது பேர் ஏறிட்டாங்க, கைப்பிடிச் சுவத்துல குழந்தைய உக்கார வச்சு வீடியோ எடுத்தாங்க. மேல எரிஞ்ச துணித் துணுக்கு பறந்து வந்து விழுது, பாலியஸ்டர் உருகி கருப்பு மணி மாதிரி கெட்டியாகி சுடச்சுட விழுது. என் சட்டைத் தோள்ல ஒண்ணு விழுந்து ஓட்டை போட்டுச்சு. பாதி எரிஞ்ச விலைச் சீட்டு ஒண்ணு என் கால்கிட்ட வந்து விழுந்துச்சு, 'சைஸ் 28'ங்கிறது மட்டும் கருகாம இருந்துச்சு, யாரோ ஒரு குழந்தையோட ஸ்கூல் டவுசரா இருந்திருக்கும். அப்புறம்தான் எல்லாரையும் இறக்கிப் பூட்டினேன். மேல எங்க தண்ணி டேங்க் பக்கத்துல பழைய பெட்ஷீட், அட்டைப்பெட்டி எல்லாம் குவிஞ்சு கிடந்துச்சு, அதுல ஒரு பொறி விழுந்திருந்தா எங்க கட்டடமும் சேர்ந்து போயிருக்கும்.

கூட்டம் சேர்ந்த விதம்

கூட்டம் ஒரே நேரத்துல வரல, மூணு நாலு அலையா வந்துச்சு.

முதல்ல வந்தது அங்க வேல பாக்குறவங்க. திருநெல்வேலி தூத்துக்குடி பக்கத்துலருந்து வந்து ஹாஸ்டல்ல தங்கி இந்த ரோட்டுக் கடைங்கள்ல நிக்கிற பொண்ணுங்க நிறைய. எங்க கேட்டு கிட்ட ஆறேழு பேர் நின்னாங்க, ஒருத்தி மட்டும் அழுதுக்கிட்டே இருந்தா. என்னம்மான்னு கேட்டா, "மாசக்கடைசி சார், சம்பளம் வரலைன்னா ஊருக்கு எப்படி அனுப்புறது"ன்னா. வேடிக்கை பாக்குற கூட்டம்னு நாம மொத்தமா சொல்லிடுறோம், அதுக்குள்ள பொழப்பு எரியிறதப் பாத்துக்கிட்டு நிக்கிறவங்களும் இருக்காங்க. அவங்களும் அதே இடத்துல, அதே மாதிரிதான் நிக்கிறாங்க, பாத்தா வித்தியாசம் தெரியாது. பிளாட்பாரத்துல கடை போடுறவங்களும் அப்படித்தான். ஒரு வருஷத்துக்கான வியாபாரத்துல பெரும்பங்கு ஸ்கூல் சீசன்லயும் தீபாவளிலயும்தான் அவங்களுக்கு, அந்த சீசன் அன்னைக்கே முடிஞ்சுபோச்சு.

எட்டு ஒன்பது மணிக்கு ரெண்டாவது அலை, ஆபீஸ் போறவங்க. ட்ரெயின்லருந்து புகை தெரியுது, மாம்பலத்துல இறங்கி வந்து பத்து நிமிஷம் நின்னு ஃபோட்டோ எடுத்துட்டுப் போறாங்க. ஒவ்வொருத்தரும் பத்து நிமிஷம்தான், ஆனா கூட்டம் குறையாது, போறவங்க இடத்துல வேற ஆள் வந்து நிக்கும். ஃப்ளைஓவர போலீஸ் மூடிட்டாங்க, அதனால அங்க நின்னு பாக்கலாம்னு வந்த ஜனமும் பக்கத்துச் சந்துங்களுக்குள்ள வந்துச்சு. இத யாரும் எதிர்பாக்கல. ஒரு இடத்த மூடினா கூட்டம் வீட்டுக்குப் போகாது, அடுத்து எங்க நின்னா தெரியும்னு தேடும்.

டிவில காட்ட ஆரம்பிச்ச பிறகு மூணாவது அலை. வேளச்சேரி, அம்பத்தூர்னு தூரத்துலருந்து, சாயங்காலம் குடும்பத்தோட. கைக்குழந்தைய தோள்ல போட்டுக்கிட்டு, முகத்துல கர்சீஃப் கட்டிக்கிட்டு. சுண்டல்காரர் வந்துட்டாரு. நகைக்கடையும் அதே கட்டடத்துல இருந்ததால தங்கம் உருகி கீழ ஓடுதுன்னு ஒரு பேச்சு, உள்ள இன்னும் நாப்பது பேர் மாட்டிருக்காங்கன்னு ஒரு பேச்சு. ரெண்டாவது பேச்சு மோசமானது. எங்க கேட்டு கிட்ட நின்ன பொண்ணுங்க அதக் கேட்டு கூட வேல பாக்குறவங்களுக்கு ஃபோன் போட்டுப் பதறுறாங்க, டவர் கிடைக்கல. கடைசில அவங்கள்ல ஒரு அக்கா ஒரு நோட்டுல தெரிஞ்ச பேரையெல்லாம் எழுதி, யார் யார் பேசிட்டாங்கன்னு டிக் பண்ண ஆரம்பிச்சாங்க. மத்தியானத்துக்குள்ள எல்லாப் பேருக்கும் டிக் விழுந்துச்சு. அந்த நோட்டுக்கு அப்புறம் எங்க பக்கம் அந்த வதந்தி நின்னுபோச்சு.

வயசானவங்க வேற கதை சொல்லிக்கிட்டிருந்தாங்க. 1975 ஜூலைல மவுண்ட் ரோடு எல்ஐசி கட்டடம் எரிஞ்சத நேர்ல பாத்த ஒரு தாத்தா, 14 மாடி, ஏணி எட்டலன்னு கையத் தூக்கிக் காட்டிச் சொன்னாரு. இன்னொருத்தர் மூர் மார்க்கெட். அது 1985 மே 30, கணக்குப் போட்டா சரியா 32 வருஷமும் ஒரு நாளும். அவர் அங்க பழைய புக் வாங்குற ஆளாம், எரிஞ்ச மறுநாள் போய் சாம்பலக் கிளறிப் பாத்தாராம். ஊர்ல பெரிய கட்டடம் எரிஞ்சா அது அந்தத் தலைமுறைக்கே நாள் குறிப்பு மாதிரி ஆயிடுது, எல்ஐசி எரிஞ்ச வருஷம் கல்யாணம் ஆச்சு, மூர் மார்க்கெட் எரிஞ்சப்ப இவன் கைக்குழந்தைன்னு சொல்லுவாங்க. அதனாலதான் ஜனம் வருதுன்னு நான் நினைக்கிறேன். தினம் பாத்துப் பழகின ஒண்ணு கண்ணு முன்னாடி இல்லாமப் போகுது, அத ஒரு தடவ பாத்துடணும்னு தோணுது. அதக் கேவலமா பேசுறதுல எனக்கு உடன்பாடு இல்ல. எங்க நிக்குறாங்கங்கிறதுதான் கேள்வி.

பாட்டி விஷயத்துல நடந்தது

பாட்டிய காலைல மேற்கு மாம்பலத்துல அவங்க தங்கச்சி வீட்டுக்கு ஆட்டோல அனுப்பினோம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பக்கத்துலயே, உடனே திரும்பி வரலாம்னு கணக்கு. காலைல காத்து அந்தப் பக்கம் இல்ல. மத்தியானத்துக்கு மேல கடக்காத்து திரும்புச்சு, சென்னைல மே மாசம் தினமும் நடக்குறதுதான், கிழக்கலருந்து மேற்க அடிக்கும். புகை மொத்தமும் அந்தப் பக்கம் போச்சு. மூணு மணிக்கு தங்கச்சி மாமி ஃபோன் பண்ணி, "இங்கயும் கண்ணு எரியுதுடா, அக்காக்கு முடியல"ன்னாங்க. திரும்ப ஆட்டோ, ட்ராஃபிக்ல ஒன்றரை மணி நேரம், அடையாறுல பேரன் வீடு. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதா இல்ல, ஆனா அன்னைக்கு ராத்திரி மூணு தடவ நெபுலைசர் வைக்க வேண்டியதாச்சு. கடற்கரைப் பக்கமாத்தான் அனுப்பியிருக்கணும். காத்து எப்ப எந்தப் பக்கம் அடிக்கும்னு இந்த ஊர்ல பொறந்து வளந்த எங்க எல்லாருக்கும் தெரியும், அந்த நேரத்துல ஒருத்தருக்கும் தோணல.

கயிறு

சாயங்காலம் வரைக்கும் எங்க சந்து முனைல ஒரு மஞ்ச நைலான் கயிறு கட்டியிருந்தோம், துணி காயப் போடுற கயிறுதான். எந்த இடத்துல கட்டினோம்? முகத்துல சூடு படாத இடத்துல. அந்த இடத்துல நிக்க முடியுது, அதனால அது பாதுகாப்புன்னு முடிவு பண்ணிட்டோம். கூட்டமும் அதே கணக்குலதான் நின்னுச்சு. தீ நாக்கு தெரிஞ்சா மனுஷன் தானா பின்னாடி போவான். இங்க தெரிஞ்சது புகை மட்டும்தான், காத்து திரும்பினா ஒதுங்குறாங்க, புகை விலகினா நாலடி முன்னாடி வந்துடுறாங்க. கட்டடம் உள்ளுக்குள்ள அடுப்பு மாதிரி எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு, ஃபயர் சர்வீஸ்காரங்க சுவத்த ஒடைச்சு ஓட்டை போட்டுத்தான் உள்ள தண்ணி அடிக்க முடிஞ்சுது. வெளிய இருந்து பாத்தா ஒரு பெரிய கருப்புப் பொட்டி மாதிரி அமைதியா நின்னுச்சு.

ஆறு மணி சுமாருக்கு வயசான ஒரு ஃபயர் சர்வீஸ் ஆபீசர் டீ குடிக்க எங்க சந்துக்கு வந்தாரு. கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு, டம்ளரப் பிடிச்ச கை நடுங்குது. கயிறப் பாத்தாரு. "யாரு கட்டினது இத?"ன்னாரு. நான்தான் சார்ன்னேன். "சூட்ட வச்சு கட்டக் கூடாது தம்பி. இது விழுந்தா எவ்ளோ தூரம் வரும்னு அத வச்சுக் கட்டு"ன்னாரு. உயரத்துல ஒன்றரை மடங்கு தள்ளி நிக்கணும்ங்கிறது அவங்க வேலைல ஒரு கணக்காம். நான் அண்ணாந்து பாத்தேன், ஏழு மாடி, எங்க கயிறு அந்த உயரத்துல பாதி தூரத்துல கூட இல்ல.

ஏன் விழும்னும் சொன்னாரு. கான்க்ரீட் எரியாது, ஆனா உள்ள இருக்கிற கம்பி ஐநூறு அறுநூறு டிகிரி சூட்டுல பாதி பலத்த இழந்துடும். மேல பூசின சிமென்ட் வெடிச்சு உதிர்ந்தா கம்பி நேரா சூட்டுல காயும். அதோட மாடி மாடியா துணி பண்டல், அதுல அடிக்கிற தண்ணியெல்லாம் ஊறி நிக்கும். தண்ணி அடிக்காம இருக்கவும் முடியாது, அடிச்சா கனம் ஏறும். 2012 பொங்கல் நேரத்துல சேப்பாக்கம் எழிலகத்துல பழைய கட்டடம் எரிஞ்சப்ப மேற்கூரை விழுந்துதான் ஃபயர் சர்வீஸ் அதிகாரி ஒருத்தர் செத்துப்போனாரு. அதச் சொல்லிட்டு டம்ளர வச்சுட்டுப் போயிட்டாரு.

கயிற நாங்க எங்க கேட்டுக்கும் பின்னாடி, பிள்ளையார் கோயில் வரைக்கும் தள்ளிக் கட்டினோம். கூட்டம் கத்துச்சு. "இங்கருந்து ஒண்ணுமே தெரியல"ன்னு. டீக்கடை அண்ணன் கிட்ட கடைய ரெண்டு நாளைக்கு கோயில் பக்கம் மாத்திக்கச் சொன்னோம், அடுப்பையும் பாய்லரையும் நாங்களே தூக்கி வச்சோம். டீ எங்கயோ ஜனம் அங்க போகும், பாதிப் பேர் கயிறப் பத்திப் பேசாம அங்க போய் நின்னுட்டாங்க. பெஞ்ச மட்டும் பழைய இடத்துலயே விட்டுட்டோம், கனமா இருந்துச்சு, அப்புறம் பாத்துக்கலாம்னு.

ஜூன் 1 விடியக்காலம்

ராத்திரி பன்னண்டுக்கு கூட்டம் கலைஞ்சிடுச்சு. புகையும் கொஞ்சம் கம்மியான மாதிரி இருந்துச்சு. ஷிஃப்ட் போட்டு நிக்கணும்னு பேசினோம், நான் ரெண்டு மணி வரைக்கும், அதுக்கு மேல எதிர் ஃப்ளாட் சார். ஒரு மணிக்கு கண்ண சொருகுச்சு, இனிமே யார் வரப் போறாங்கன்னு மேல போய்ப் படுத்துட்டேன். எதிர் ஃப்ளாட் சாரையும் எழுப்பல.

மூணு மணிக்கு மேல சத்தம். வெடிச் சத்தம்னு டிவில சொன்னாங்க, எனக்கு அப்படிக் கேக்கல. லாரிலருந்து ஜல்லி கொட்டுற சத்தம், நிக்காம ரொம்ப நேரம். ஜன்னல் கண்ணாடி அதிருது. கீழ ஓடினா சந்துல தெருவிளக்கு எரியுது ஆனா வெளிச்சம் இல்ல, அவ்ளோ புழுதி. கட்டடத்தோட முன்பக்கம் மேல் மாடிலருந்து சரிஞ்சு ரோட்டுல கிடந்துச்சு.

புழுதி அடங்கினப்புறம் டார்ச் அடிச்சுப் பாத்தோம். டீக்கடை பெஞ்சு மேல விரல் கனத்துக்கு வெள்ளையா தூசி, அதுல கண்ணாடித் துண்டு, ஷீட்டுத் துண்டு ஒண்ணு முழங்கை நீளத்துக்கு. அந்த பெஞ்சுல ரெண்டு மணி வரைக்கும் நாலு பசங்க உக்காந்து ஃபோன்ல லைவ் போட்டுக்கிட்டிருந்தாங்கன்னு வாட்ச்மேன் அண்ணன் சொன்னாரு. பேட்டரி தீந்துபோச்சுன்னு கிளம்பினாங்களாம். கயிறத் தாண்டி எப்படிப் போனாங்கன்னு கேட்டேன். "நீங்களும் இல்ல சார், பெஞ்சு சும்மா இருந்துச்சு, நான் ஒருத்தன் எத்தன பேரச் சொல்றது"ன்னாரு. அவர் சொன்னது நியாயம்தான்.

அதுக்கப்புறம்

கட்டடத்த முழுசா இடிக்கிறதுன்னு அரசாங்கம் அறிவிச்சுது. அனுமதி வாங்கினத விட அதிகமா மாடி கட்டியிருந்ததும் அப்பத்தான் பெரிய பேச்சாச்சு. பக்கத்துல அவ்ளோ நெருக்கமா கட்டடம் இருக்கிறதால வெடி வைக்க முடியாது, ஜா கட்டர்னு நீளக் கை வச்ச மெஷின் கொண்டு வந்து மேலருந்து கொஞ்சம் கொஞ்சமா கடிச்சு எடுத்தாங்க. ஜூன் 2ல ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துக்கு மேல ஓடுச்சு.

தீ அணைஞ்ச பிறகு கூட்டம் வராதுன்னு நாங்க நினைச்சோம். திரும்ப வந்துச்சு, இந்தத் தடவ இன்னும் பயமில்லாம. புகையும் இல்லையே. மெஷின் ஒரு கடி கடிச்சா ஓன்னு சத்தம், கைதட்டு. கயிறு அவுத்தாச்சு, நாங்களும் களைச்சுப் போய் அவங்கவங்க வேலைக்குத் திரும்பிட்டோம். ரெண்டாவது வாரத்துல ஒரு நாள் இடிஞ்ச துண்டு விழுந்து மெஷின்ல வேல பாத்த ஒரு சின்னப் பையன் செத்துப்போனான். வேல செஞ்ச இடத்துலயே. இத்தன நாள் இத்தனாயிரம் பேர் நின்னு பாத்த இடத்துல, உயிர் போனது யாரும் அவ்ளோவா பாக்காத ஒரு நேரத்துல. மறுநாள் காலைல டீக்கடைல யாரும் சத்தமாப் பேசல. டீக்கடை அண்ணன் அந்தப் பையன் ரெண்டு மூணு தடவ வந்து பன் பட்டர் சாப்டிருக்கான்னு மட்டும் சொன்னாரு.

ரோடு அடைச்சிருந்ததால சுத்தியிருந்த சின்னக் கடைங்க நாள்கணக்கா தொறக்கல. பிளாட்பாரத்துல ஸ்கூல் பேக் விக்கிற அக்கா ஒருத்தங்க அந்த சீசனுக்கு வட்டிக்கு வாங்கிப் போட்ட சரக்க அப்படியே கட்டி எங்க மோட்டார் ரூம்ல வச்சிருந்தாங்க, தீபாவளி வரைக்கும் அங்கதான் கிடந்துச்சு.

திரும்ப நடந்தா என்ன மாத்துவோம்

அந்த ஆகஸ்ட்ல அசோசியேஷன் மீட்டிங்ல உக்காந்து ஒவ்வொண்ணா பேசினோம், சண்டையும் வந்துச்சு. மொட்டை மாடிக் கதவு, பக்கத்துக் கட்டடத்துல தீன்னா முதல் வேலை பூட்டுறதுதான், உள்ள இருக்கிறவங்க தப்பிக்க வேண்டியது எங்க கட்டடத்துல தீ வந்தா மட்டும்தான், அதுக்கு சாவி கதவுக்குப் பக்கத்துலயே கண்ணாடிப் பொட்டில தொங்குது. மாடில ஒரு அட்டை கூட வைக்கக் கூடாது. முடியாதவங்க லிஸ்ட் வாட்ச்மேன் ரூம்ல ஒட்டியிருக்கு, ஆளுக்கு ரெண்டு இடம் எழுதியிருக்கு, கடல் பக்கம் ஒண்ணு, மேற்க ஒண்ணு, காத்தப் பாத்து முடிவு பண்ணணும்.

கயிறு எங்க கட்டணும்னு சந்துத் தரைல பெயின்ட் அடிச்சு வச்சிருக்கோம், சுத்தி இருக்கிற பெரிய கட்டடம் ஒவ்வொண்ணோட உயரத்தையும் மாடி எண்ணி உத்தேசமா கணக்குப் போட்டு அடிச்சது. சில கட்டடத்துக்கு அந்தக் கோடு எங்க சந்தையே தாண்டிப் போகுது, அப்படின்னா நாங்க நிக்கக் கூடாது, காலி பண்ணிட்டுக் கிளம்பணும். இத ஒத்துக்கத்தான் மீட்டிங்ல ரொம்ப நேரம் ஆச்சு, வீட்ட விட்டுட்டு எங்க போறதுன்னு. கட்டடம் முழுசா தரைமட்டம் ஆகற வரைக்கும் ராத்திரி ஷிஃப்ட் உண்டு, ஒருத்தர எழுப்பி விடாம இன்னொருத்தர் போகக் கூடாது. பெஞ்சு, நாற்காலி, உக்கார ஏத்த திண்ணை எதுவும் கோட்டுக்கு உள்ள இருக்கக் கூடாது.

கூட்டத்த விரட்டுறதுங்கிற பேச்ச விட்டுட்டோம். வர்றவங்கள்ல முதல் இருபது பேர வண்டி தூக்கச் சொல்றது, கயிறப் பிடிச்சு நிக்கச் சொல்றது, அங்க வேல பாக்குறவங்கள தனியா ஒரு இடத்துல உக்கார வச்சு அந்த அக்கா செஞ்ச மாதிரி நோட்டுப் போடச் சொல்றது, டீக்கடைய கோட்டுக்கு வெளிய மாத்துறது. பாக்க வந்தவனுக்கு தூரத்துலருந்து தெரியிற மாதிரி ஒரு இடம் காட்டினா போதும், அங்க நிப்பான்.

லாரி திரும்பற முனைல வண்டி நிக்கக் கூடாதுன்னு மஞ்சக் கட்டம் அடிச்சோம். அது ரெண்டு தடவ அழிஞ்சு ரெண்டு தடவ அடிச்சாச்சு. போன தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போய் எண்ணிப் பாத்தேன், கட்டத்துக்குள்ள 11 பைக், ஒரு லோடு ஆட்டோ. வாட்ச்மேன் அண்ணன் ஒவ்வொண்ணா தள்ளிக்கிட்டிருந்தாரு, நானும் போய் ஒரு பக்கம் பிடிச்சேன்.